ஒரே பாட்டு, மூன்று தீர்ப்பு: 'ஒன்ஸ்' ஆல்பத்தைக் கேட்டவர்களின் கதை

இன்னைக்கு நாம பேசப் போறது 2004-ல் வந்த ஒரு ஆல்பத்தைப் பத்தி. குழுவின் பெயர் நைட்விஷ், ஊர் பின்லாந்து, ஆல்பத்தின் பெயர் 'ஒன்ஸ்'. ஒரு பக்கம் ஹெவி மெட்டல் கிட்டார், இன்னொரு பக்கம் லண்டனில் பதிவு செய்த ஆர்கெஸ்ட்ரா, நடுவில் ஓபரா பயிற்சி பெற்ற ஒரு பெண் குரல். இந்த வகைக்குத்தான் சிம்ஃபொனிக் மெட்டல் என்று பெயர்.

ஆனா இது ஆல்பம் ரிவ்யூ இல்ல. ஆல்பத்தைக் கேட்டவர்களின் வரலாறு. வந்தபோது பழைய ரசிகர்களில் ஒரு கூட்டம் "காசுக்காக மாறிட்டாங்க" என்று திட்டியது. அடுத்த வருஷமே அதே ஆல்பம் "பொற்காலத்தின் கடைசி நினைவு" ஆகிவிட்டது. 2013-க்குப் பிறகு, அந்த ஆல்பத்தில் பாடவே பாடாத ஒரு பாடகி வழியாக, புதுசா ஒரு கூட்டம் அதைத் தேடி வந்தது. பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. அப்ப மாறினது எது? அதைத்தான் பார்க்கப் போறோம்.

குரலுக்காகப் பிறந்த சத்தம்

கித்தே. பின்லாந்தின் கிழக்கே, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊர். 1996-ல் அந்த ஊர்க்காரர் தூமஸ் ஹோலோபைனன் ஒரு குழு ஆரம்பிக்கிறார். அவர் கீபோர்டு. நண்பர் எம்ப்பு வுவோரினன் கிட்டார். பாடுவதற்கு அதே ஊர்ப் பெண் டார்யா துருனன். திட்டம் ரொம்ப எளிமையானது: அகூஸ்டிக் கிட்டார், மெல்லிய கீபோர்டு, இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுகிற மாதிரி ஒரு இசை.

திட்டம் நிலைக்காமல் போனதற்குக் காரணம் டார்யாவின் குரல். அவர் கிளாசிக்கல் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த சோப்ரானோ. சோப்ரானோ என்றால் பெண் குரல்களிலேயே உச்சத்தில் இருக்கும் வகை. பின்னாளில் சிபெலியுஸ் அகாடமியிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ இசைக் கல்லூரியிலும் படித்தவர். அந்தக் குரலுக்கு முன்னால் அகூஸ்டிக் கிட்டார் காணாமல் போனது. அதனால் டிரம்ஸ் வந்தது, எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது. குரலைத் தாங்குவதற்காகத்தான் இசை கனமானது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மெட்டலில் பெண் குரலும் ஓபராவும் அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. ஸ்விட்சர்லாந்தின் கெல்டிக் ஃப்ராஸ்ட் 1987-லேயே முயற்சி செய்தது. நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜெடி, ஆணின் உறுமலையும் பெண்ணின் மெல்லிய குரலையும் மாற்றி மாற்றி வைத்தது. ஸ்வீடனின் தேரியன் 1996-ல் கோரஸையே மெட்டலின் மையத்துக்குக் கொண்டுவந்தது. நைட்விஷ் செய்த வேலை என்னவென்றால், ஓபராக் குரலை இடையிடையே வரும் அலங்காரமாக வைக்காமல், பாட்டையே முழுசாக அதன் கையில் கொடுத்தது. 1998-ல் வந்த 'ஓஷன்பார்ன்' ஆல்பத்தில் அதை முழு வேகத்தில் கேட்கலாம்.

ஏன் சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது?

இங்கே கொஞ்சம் அறிவியல். பயப்படாதீங்க, சின்னதுதான்.

ஓபராப் பயிற்சி மைக் இல்லாத காலத்தில் உருவானது. ஐம்பது அறுபது பேர் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி, கடைசி வரிசை வரைக்கும் ஒரே மனிதக் குரல் போய்ச் சேர வேண்டும். உச்ச ஸ்தாயியில் பாடும்போது சோப்ரானோ தாடையை நன்றாக இறக்கி வாயைத் திறப்பார். அப்போது வாய்க்குள் ஏற்படும் அதிர்வு, பாடுகிற ஸ்ருதியோடு பொருந்தி, சத்தம் பல மடங்கு பெருகும். இதற்கு ஒரு விலை உண்டு. 'இ', 'உ' எல்லாமே 'ஆ' பக்கம் சாய்ந்துவிடும். எந்த உயிரெழுத்து என்றே காதுக்குப் பிடிபடாது. அதாவது வார்த்தை போய், குரல் மட்டும் நிற்கும்.

ஆக, "என்ன பாடுறாங்கன்னே புரியல" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ரசனை இல்லை என்று அர்த்தம் கிடையாது. அந்தப் பாடும் முறையின் இயல்பையே அவர் சரியாகச் சொல்கிறார். "உடம்பெல்லாம் சிலிர்க்குது" என்று இன்னொருவர் சொன்னால் அவரும் அதே இயல்பைத்தான் சொல்கிறார். ஒரே விஷயம், ஒருத்தருக்குக் குறை, இன்னொருத்தருக்கு வரம். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாருக்கு மேலே தெளிவாக மிதக்கும் குரல் ஒரு கூட்டத்தை இழுத்தது. மெட்டலென்றால் கரகரப்பு வேண்டும் என்று நினைத்தவர்களை அதே குரல் விரட்டியது.

இந்தப் பிளவு 2000-ல் பின்லாந்து டிவியிலேயே வெளிப்பட்டது. யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு நாட்டின் சார்பில் யாரை அனுப்புவது என்று தேர்வு. நைட்விஷ் 'ஸ்லீப்வாக்கர்' என்ற பாட்டோடு போனது. மக்கள் ஓட்டில் அவர்கள்தான் முதலிடம். நடுவர்கள் மதிப்பெண்ணும் சேர்ந்தபோது வாய்ப்பு நீனா ஆஸ்ட்ரோமுக்குப் போனது. ஆறு வருஷம் கழித்து, அதே பின்லாந்து லோர்டி என்ற ராட்சச முகமூடி ராக் குழுவை அனுப்பி யூரோவிஷனையே ஜெயித்தது. காதுகள் பழகுவதற்கு நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

முதல் தீர்ப்பு: 2004

இப்ப 'ஒன்ஸ்' ஆல்பத்துக்கு வருவோம். முந்தைய ஆல்பமான 'சென்சுரி சைல்ட்' காலத்திலேயே மார்கோ ஹியெத்தலா பேஸ் கிட்டாருக்கும் பாடுவதற்கும் வந்துவிட்டார். முரட்டுத்தனமான ராக் குரல். 'ஒன்ஸ்' ஆல்பத்துக்கு லண்டனில் ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் பதிவானது, அமைப்பு பிப் வில்லியம்ஸ். பின்லாந்திலும் ஜெர்மனியிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம்.

உள்ளே இருப்பதோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாட்டுகள். 'நீமோ' ரேடியோவுக்கு ஏற்ற, நாலு நிமிஷச் சொச்சப் பாட்டு. 'விஷ் ஐ ஹேட் ஆன் ஏஞ்சல்' கிட்டத்தட்ட டான்ஸ் ஃப்ளோர் பீட். 'க்ரீக் மேரிஸ் பிளட்' பாட்டில் அமெரிக்கப் பழங்குடிக் கலைஞர் ஜான் டூ-ஹாக்ஸ் புல்லாங்குழல் வாசித்து, லகோட்டா மொழியில் பேசுகிறார். ஒரு பாட்டு முழுக்க ஃபின்னிஷ் மொழி. கடைசிப் பக்கத்தில் பத்து நிமிஷம் ஓடும் 'கோஸ்ட் லவ் ஸ்கோர்': சினிமா பின்னணி இசை மாதிரி ஏறி இறங்கி, முடிவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி மேலே மேலே கொண்டுபோகும்.

பழைய ரசிகர்களின் புகார் இரண்டு. ஒன்று, பாட்டுகள் எளிமையாகிவிட்டன. இரண்டாவது இன்னும் சுவாரசியம்: டார்யா இதில் பழையபடி முழு ஓபராவாகப் பாடவில்லை. பல இடங்களில் கீழ் ஸ்தாயியில், வார்த்தை தெளிவாகக் கேட்கும்படி, நேராகப் பாடுகிறார். "என்ன பாடுறாங்கன்னே புரியல" என்று வெளியே இருந்தவர்கள் சொன்ன குறை இங்கே பாதி சரியானது. உள்ளே இருந்தவர்களுக்கு அதுவே குறையாகிவிட்டது. புதுசா வந்தவர்களுக்கோ இந்த ஆல்பம்தான் வாசல். அவர்களுக்கு ஒப்பிட முந்தையது எதுவும் இல்லை.

இரண்டாவது தீர்ப்பு: ஒரு கடிதம்

2005 அக்டோபர் 21. ஹெல்சின்கியின் ஹார்ட்வால் அரீனா. 'ஒன்ஸ்' சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி. முடிந்ததும் மற்ற நாலு பேரும் டார்யாவிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இனி உங்களோடு சேர்ந்து பயணம் இல்லை என்பது சாரம். அதே கடிதத்தைக் குழுவின் இணையதளத்திலும் போட்டார்கள். பணம், ஈடுபாடு, அவருடைய கணவர் என்று குற்றச்சாட்டுகள் எல்லாம் ஊரே படிக்கும்படி வந்தன. தனிப்பட்ட விஷயத்தை இப்படிப் பொதுவில் போட்டது டார்யாவைக் காயப்படுத்தியது. பின்லாந்தில் அது தலைப்புச் செய்தி.

யார் பக்கம் நியாயம் என்று நாம இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்லை. நமக்கு முக்கியம், அந்த இரவுக்குப் பிறகு ஆல்பத்துக்கு என்ன ஆச்சு என்பது. நிகழ்ச்சிப் பதிவு 2006-ல் 'எண்ட் ஆஃப் அன் எரா' என்ற பெயரில் வந்தது. ஒரு யுகத்தின் முடிவு. பார்க்கிறவருக்குக் கடிதம் வரப் போவது தெரியும், மேடையில் பாடுகிறவருக்குத் தெரியாது. அந்த நிலையில் யாரால் வெறும் பாட்டை மட்டும் கேட்க முடியும்? 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' அதில் விடைபெறும் பாட்டு மாதிரி ஒலிக்கிறது. நேற்று "காசுக்காக மாறிட்டாங்க" என்றவர்களில் பலருக்கு, இன்றைக்கு அதே ஆல்பம் கையைவிட்டுப் போன பொக்கிஷம்.

இந்த ஏக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர் வேறொருவர். 2007-ல் ஸ்வீடனைச் சேர்ந்த அனெத் ஓல்சோன் வந்தார். ஓபரா கிடையாது, பாப்-ராக் குரல். அவர் பாடிய 'டார்க் பேஷன் ப்ளே' நன்றாகவே ஓடியது. ஆனால் மேடையில் அவர் பழைய பாட்டைப் பாடும் ஒவ்வொரு தடவையும் ஒப்பீடுதான். யாரை வேலையைவிட்டு எடுப்பது என்று அவர் முடிவு செய்யவில்லை, அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்து இல்லை. இருந்தும் ரசிகர்களின் கோபம் விழுந்தது அவர் தலையில். குழுவின் பெயர்மேல் காட்ட வேண்டிய கோபத்தை, புதுசா வந்த பெண்மேல் காட்டுவது எளிது. ஐந்து வருஷம் தாங்கினார். 2012 அக்டோபரில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகல்.

மூன்றாவது தீர்ப்பு: வாக்கன்

பயணம் பாதியில் நிற்கக் கூடாது என்பதால் நெதர்லாந்துப் பாடகி ஃப்ளோர் யான்சன் விமானம் ஏறி வந்தார். முன்பு ஆஃப்டர் ஃபாரெவர் குழுவில் பாடியவர். ஓபராவும் வரும், ராக்கும் வரும், உறுமலும் வரும்.

2013 ஆகஸ்டில் ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவில் அவர் 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' பாடினார். கடைசிப் பகுதியில் குரலை முழுசாகத் திறந்துவிட்டு, கொடுத்த மெட்டுக்கு மேலே போகிறார். அந்த வீடியோ யூடியூபில் பரவியது. பாட்டு டீச்சர்கள் அதைப் பார்த்து அசந்துபோகும் ரியாக்‌ஷன் வீடியோக்கள் தனி வகையாகவே வளர்ந்தன. மெட்டலே கேட்காதவர்கள்கூட அந்த வழியில் உள்ளே வந்தார்கள். அவர்களில் பலருக்கு இதுதான் ஒரிஜினல். 2004 பதிவைப் பிறகு தேடிக் கேட்டு, "இது கொஞ்சம் அடக்கமா இருக்கே" என்று சொல்கிறவர்களும் உண்டு!

ஆமா, அடக்கமாகத்தான் இருக்கும். டார்யா பதிவில் பாடுவது பாட்டு கேட்கும் சோகத்தை. ஃப்ளோர் வாக்கனில் பாடுவது, ஒரு வருஷம் முன்னால் திடீரென்று கிடைத்த மேடையில், இந்தப் பாட்டு எனக்கும் சொந்தம் என்று நிரூபிக்க வேண்டிய நிலையில். அதே மெட்டுதான், அதன் மேல் இருக்கிற சுமை வேற.

அப்ப எந்தத் தீர்ப்பு சரி?

ஆரம்பத்தில் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, குரலைத் தாங்குவதற்காகத்தான் இசை கனமானது என்று. நைட்விஷ் பாட்டுகளை எழுதுவது பெரும்பாலும் தூமஸ்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சத்தத்தின் அளவு டார்யாவின் தொண்டைக்கு எடுத்த அளவு. சட்டைக்காரர் போன பிறகும் சட்டை இருந்தது. ஒருவருக்குப் பொருந்தவில்லை, இன்னொருவர் தோளுக்குச் சரியாக உட்கார்ந்தது. "எழுதினவர்தான் குழு" என்பவர்களும் "குரல்தான் குழு" என்பவர்களும் இன்னும் சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான். ரெண்டுமே பாதி உண்மை.

கேட்பவரின் கருத்து என்பது இசைமேல் மட்டும் உட்காருவதில்லை. எந்த வயதில் கேட்டோம், எந்தக் குரல் முதலில் வந்தது, யாரை இழந்ததாக நினைக்கிறோம், இதெல்லாம் சேர்ந்துதான் அது. அது தப்பில்லை. இசை மனசுக்குள் போவதே அப்படித்தான். தப்பு எங்கே ஆரம்பிக்குதுன்னா, அந்த இழப்பை மேடையில் நிற்கிற அடுத்த ஆள்மேல் எறியும்போது. அனெத் ஓல்சோன் கதை சொல்வது அதைத்தான்.

ஒரு சின்ன ஹோம்வொர்க். 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' பாட்டை மூணு தடவை கேளுங்க: முதலில் 2004 ஆல்பம் பதிவு, அடுத்து 2005 ஹெல்சின்கி, கடைசியா 2013 வாக்கன். ஹெட்ஃபோன் போட்டு, கமென்ட் பகுதியை மூடி வெச்சுட்டு, இதே வரிசையில் கேளுங்க. அப்புறம் வரிசையைத் தலைகீழாக மாற்றி இன்னொரு நாள். உங்க தீர்ப்பு மாறுதான்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!