டாலரை உருக்கி ரூபாய் அடிச்ச கதை

காசு சேர்க்கிற பழக்கம் உள்ள அமெரிக்கர் யார்கிட்டயாவது பேச்சு கொடுத்துப் பாருங்க. சுத்திச் சுத்தி 'மார்கன் டாலர்'லதான் வந்து நிப்பாங்க. உள்ளங்கையில வச்சா கனமா உக்காரும் வெள்ளிக் காசு. எடை 26.73 கிராம், அதுல 90 சதவீதம் சுத்த வெள்ளி. நான் படிக்கிற ஊர்ல நடந்த ஒரு நாணயச் சந்தையில 1921-ம் வருஷத்துக் காசு ஒண்ணு வாங்கினேன். மாணவன் பர்ஸ் தாங்கறது அவ்வளவுதான் :-) இதே காசுல வேற வருஷம் போட்டிருந்தா விலை பல மடங்கு. ஏன் இப்படின்னு தோண்டப் போனா, பதில்ல பாதி நம்ம ஊர்ல கிடக்கு!

முதல்ல கொஞ்சம் முன்கதை. 1859-ல் நெவாடா பக்கம் காம்ஸ்டாக்ங்கிற இடத்துல பெரிய வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிச்சாங்க. வெள்ளி மலையாக் குவியற நேரத்துல, 1873-ல் வந்த சட்டம் சாதாரண வெள்ளி டாலர் அடிக்கிறதையே நிறுத்திடுச்சு. சுரங்க முதலாளிகள் கொதிச்சுப் போனாங்க. பணப்புழக்கம் கூடினா கடன் சுமை குறையும்னு நம்பின விவசாயிங்களும் அவங்களோட சேர்ந்துக்கிட்டாங்க. விளைவு, 1878-ல் பிளாண்ட் - அல்லிசன் சட்டம். அரசாங்கம் மாசாமாசம் 20 லட்சத்துல இருந்து 40 லட்சம் டாலர் வரைக்கும் வெள்ளி வாங்கி, டாலரா அடிச்சே ஆகணும்.

காசை வடிவமைச்சவர் ஜார்ஜ் மார்கன், இங்கிலாந்துல இருந்து வந்தவர். காசுல இருக்கிற சுதந்திர தேவி முகத்துக்கு மாதிரியா இருந்தவங்க பிலடெல்பியாவைச் சேர்ந்த அன்னா வில்லியம்ஸ்ங்கிற ஆசிரியை.

அடிச்சது சரி, யார் தூக்கிட்டு அலையறது? மேற்கு, தெற்குப் பகுதிகளைத் தவிர மத்த இடங்கள்ல ஜனங்க காகித நோட்டையே கேட்டாங்க. காசெல்லாம் மூட்டைக்கு ஆயிரம் வீதம் கருவூலத்துல தூங்குச்சு. அதை ஈடாக் காட்டி வெளியிட்ட நோட்டுதான் ஊர் சுத்துச்சு. 1904-ல் காசு அடிக்கிறதையும் நிறுத்திட்டாங்க.

இப்போ அப்படியே இந்தியாவுக்கு வாங்க. முதல் உலகப்போர். படைகளுக்குச் சம்பளம், போருக்கான கொள்முதல்னு பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவுல ரூபாயைக் கொட்ட வேண்டிய நிலை. நம்மாளுங்களுக்கு அப்போ ரூபாய்னா வெள்ளி. தட்டிப் பார்த்து சத்தம் கேட்டு வாங்கற காசு. வெள்ளித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1917 நவம்பர்ல ஒரு ரூபாய் நோட்டு விட்டாங்க. ஆனா நோட்டைக் கொடுத்தா வெள்ளி ரூபாய் தரணும்ங்கிறது சட்டம். போர்ச் செய்தி மோசமாக மோசமாக, 1918-ல் நோட்டை நீட்டி வெள்ளி கேட்கிற கூட்டம் கூடிப்போச்சு. பம்பாயிலும் லாகூரிலும் நெருக்கடி கடுமை. கையிருப்பு கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு நாள் 'வெள்ளி இல்ல'ன்னு கைவிரிச்சிருந்தா, நோட்டு மேல மட்டுமில்ல, ஆட்சி மேலயே நம்பிக்கை போயிருக்கும்.

பிரிட்டன் அமெரிக்காகிட்ட கை நீட்டுச்சு. 1918 ஏப்ரல் 23-ல் பிட்மன் சட்டம் வந்துச்சு. கொண்டு வந்தவர் கீ பிட்மன், நெவாடா செனட்டர் (அதே வெள்ளி நெவாடாதான்!). 35 கோடி டாலர் வரைக்கும் உருக்கலாம். விக்கிற வெள்ளிக்குப் பதிலா உள்நாட்டுச் சுரங்கங்கள்ல அவுன்ஸுக்கு 1 டாலர் விலையில திரும்ப வாங்கணும். தொகுதிக்காரங்களை மறக்காத மனுஷன் :-)

கடைசியில உருக்கினது 27,02,32,722 டாலர். அதுல 25,91,21,554 டாலரோட வெள்ளி இந்தியாவுக்காகப் போச்சு. ஒரு டாலர்ல சுமார் 24.06 கிராம் சுத்த வெள்ளி, அந்தக் கால ரூபாயில சுமார் 10.69 கிராம். வகுத்துப் பாருங்க, ஒரு டாலருக்கு ரெண்டேகால் ரூபாய். மொத்தத்துல 58 கோடி ரூபாய்க்கான வெள்ளி! அந்த 1918, 1919 வருஷத்து ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய் இன்னைக்கும் பல வீடுகள்ல இருக்கு. அதுல எத்தனையில அன்னா டீச்சர் முகம் கரைஞ்சிருக்கோ!

சேகரிப்பவங்களுக்கு இதனால வந்த தலைவலிதான் சுவாரசியம். எந்த வருஷத்துக் காசு எத்தனை உருகுச்சுன்னு யாரும் கணக்கு எழுதி வைக்கல. அதனால எத்தனை அடிச்சாங்கங்கிற எண்ணிக்கையை வச்சு அபூர்வத்தைச் சொல்லவே முடியாது. 1903-ல் நியூ ஆர்லியன்ஸ்ல 44.5 லட்சம் டாலர் அடிச்சாங்க. ஆனா காசு கண்ணுலயே படாது. எல்லாம் உருகிப் போச்சுன்னு நினைச்சு 1,500 டாலர் வரைக்கும் விலை போட்டாங்க. 1962 கடைசியில கருவூலம் பழைய மூட்டைகளைப் பிரிச்சா, உள்ள இருந்து அதே காசு கொட்டுது. விலை 30 டாலர் பக்கம் விழுந்துச்சு. வாங்கி வச்சிருந்தவங்க நெலமையை நெனச்சுப் பாருங்க.

பிட்மன் சட்டப்படி திரும்ப வாங்கின வெள்ளியில 1921-ல் மறுபடி அடிச்சது 8.67 கோடி மார்கன் டாலர். என் கையில இருக்கிறது அதுல ஒண்ணு. அதான் மலிவு.

நான் புரட்டின சேகரிப்பாளர் கையேடுகள்ல 'பிரிட்டனுக்கு விற்கப்பட்டு உருக்கப்பட்டது'ன்னு ஒரே வரியோட முடிச்சுடறாங்க. அந்த வரிக்குப் பின்னால, காகிதத்தை நம்பாம கவுண்டர்ல நின்னு 'என் வெள்ளியைக் கொடு'ன்னு கேட்ட ஆளுங்க இருக்காங்க. விவரம் தெரியாதவங்கன்னு அவங்களை ஒதுக்கிடறது சுலபம். ஆனா நோட்டுல எழுதியிருந்த வாக்கைத்தானே அவங்க கேட்டாங்க? அந்த வாக்கைக் காப்பாத்த ஒரு பேரரசு கடல் தாண்டிப் போய்க் கை நீட்ட வேண்டியதாப் போச்சு.

உங்க வீட்டுப் பெட்டியில 1918, 1919 வெள்ளி ரூபாய் இருந்தா தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. தேய்ச்சா மதிப்பு போயிடும், கருப்பு ஏறினதே அழகுதான். எந்த வருஷத்துக் காசு இருக்குன்னு பின்னூட்டத்துல ஒரு வரி சொல்லிட்டுப் போங்க.