கரி வாயுவிலிருந்து என்ஜிவி வரை: வாகனத்தில் எரிந்த நம் வரலாறு

வகுப்பில் "கார் எதில் ஓடும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெட்ரோல், டீசல், இப்போது மின்சாரம் என்பார்கள். "கேஸ்" என்று ஒருவர் சொன்னால், "அது அடுப்புக்குத்தானே டீச்சர்!" என்று இன்னொருவர் சிரிப்பார். ஆனால் நம் நாட்டில் வாகனங்கள் வாயுவில் ஓடிய காலம் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, ஜப்பானியர் காலம் (1941–1945). பெட்ரோல் ராணுவத்துக்குப் போனது. பொதுமக்களின் பஸ், லாரிகளில் கரி அடுப்பைப் பொருத்தினார்கள். காற்றைக் குறைத்துக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதுதான் இன்ஜினை ஓட்டியது. சக்தி குறைவு, நச்சும் கூட. ஏற்றுமதி நின்றுபோன ரப்பரையே காய்ச்சி எண்ணெயும் வடித்தார்கள். அந்தப் பாலை வெட்டிய நம் மக்களில் ஆயிரக்கணக்கானோரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனதும் இதே காலத்தில்தான்.

இரண்டாவது, என்ஜிவி. திரெங்கானு கடலில் கிடைத்த இயற்கை எரிவாயுவைக் குழாய் வழியாகத் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வாகனங்களுக்குக் கொடுத்தது பெட்ரோனாஸ். இதில் பெரும்பகுதி மீத்தேன். எரியும்போது புகைக்கரி மிகக் குறைவு; கரியமில வாயுவும் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் எரியாமல் கசிந்தால் மீத்தேனே பூமியைச் சூடாக்கும். "சுத்தமானது" என்று பாடம் நடத்தும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, பேராக்கிலிருந்து பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். என் மாமாவும் அப்படிப் போய் டாக்சி ஓட்டியவர். 2008 ஜூனில் பெட்ரோல் லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70 ஆனது. கேஸ் போட நீண்ட வரிசை. "ரெண்டு மணி நேரம் நின்னாலும் பரவால்லடா, கையில காசு நிக்குது" என்பார். பின்பெட்டியில் பாதியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். நிலையங்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில். பழைய லயத்துக்கு எங்களைப் பார்க்க வரும்போது எண்ணெய்தான்.

அதுதான் இந்த எரிபொருளின் பலவீனம். சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. போகிற ஊரிலெல்லாம் கிடைக்க வேண்டும். 2024 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் முடிவை அறிவித்தபோது என்ஜிவி வாகனங்கள் சுமார் 44,000, மொத்தத்தில் 0.2 விழுக்காடு மட்டுமே. சிலிண்டரின் ஆயுள் 15 ஆண்டு. பலவற்றுக்கு அது முடிந்துவிட்டது, ஆபத்து. 2025 ஜூலை 1 முதல் என்ஜிவி நிறுத்தப்பட்டது.

கரி அடுப்பு போனபோது யாரும் வருந்தவில்லை. என்ஜிவி போனபோதோ, அதை நம்பிக் கடன் வாங்கி வண்டி ஓட்டியவர்கள் இருந்தார்கள். அடுத்து மின்சாரக் கார் வருகிறது. "நம்ம தோட்டத்துச் சாலையில் சார்ஜ் போட இடம் இருக்குமா?" என்று மாணவர்களைக் கேட்க வையுங்கள்.

வகுப்பு நடவடிக்கை: வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், அவர் காலத்தில் அடுப்பும் விளக்கும் வண்டியும் எதில் எரிந்தன என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத வரலாறு அந்தப் பக்கங்களில் வரும்.