தெரு விளக்கும் ஊர் மன்றமும்



சரித்திரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை எவை? அரசர்கள், போர்கள், கோட்டைகள், கொடியேற்றங்கள். தெருமுனையில் எரியும் விளக்கும், வீட்டோரம் ஓடும் சாக்கடையும், காலையில் வந்து போகும் குப்பை லாரியும் நம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் இவற்றுக்கும் சரித்திரம் உண்டு. அந்த விளக்கு வேண்டும் என்று யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்கான பணத்தை ஊர் மக்கள் வரியாகக் கட்டியிருக்கிறார்கள்.

தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இந்த வழக்கம் பழக்கமில்லாதது. லயத்துக் கூரை ஒழுகினால் நாம் எங்கே போனோம்? தோட்டத்து ஆபீசுக்கு. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் கிராணியாரிடம் சொன்னோம். அவர் துரையிடம் சொன்னார். துரை மனம் வைத்தால் காரியம் நடந்தது. சம்பள நாளில் பட்டணம் போனபோது, அங்கே சாலைகள் கூட்டப்பட்டிருப்பதையும் விளக்குகள் எரிவதையும் கண்டோம். ஆனால் அங்கே யார் யாரிடம் கேட்டார்கள் என்று நாம் யோசித்துப் பார்த்ததில்லை. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதற்கு எடுத்துக்காட்டாகப் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர்களில் பலர் முதலில் கண்ட மலாயா நகரம் அதுதானே!

பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றம் 1786-இல் தொடங்கியது. ஆட்கள் பெருகினார்கள். கடைகளும் வீடுகளும் நெருங்கின. நெருக்கமாக மனிதர் வாழும் இடத்தில் குப்பை சேரும், நீர் தேங்கும், நோய் பரவும். ஆகவே வீடுகளையும் கடைகளையும் மதிப்பிட்டு, அவற்றின் பேரில் வரி வாங்கி, அந்தப் பணத்தில் சாலையையும் சாக்கடையையும் கவனிக்கும் ஏற்பாடு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே வந்தது. 1857-இல் நகராண்மை ஆணையர்கள் கொண்ட அமைப்பு உருவாயிற்று. ஆனால் அந்த ஆணையர்களில் பெரும்பாலோர் அதிகாரிகளும் வணிகப் பெருமக்களும்தான். தெருவைக் கூட்டியவரும் சாக்கடையைச் சுத்தம் செய்தவரும் அங்கே உட்கார முடியாது. நகரத்துத் துப்புரவு வேலையில் நம்மவர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது.

இந்த நிலை 1951-இல் மாறத் தொடங்கியது. ஊராட்சித் தேர்தல்களுக்கு 1950-ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. 1951 டிசம்பர் 1-ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் வாக்கெடுப்பு நடந்தது. மொத்த இடங்கள் 15. அவற்றுள் 9 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1955 ஜூலையில். அதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நகரத்து மக்கள் வாக்குச் சாவடிக்குப் போய்விட்டார்கள் என்றால், அது சிறிய செய்தியா? சாக்கடைக்கும் சந்தைக்கும் போட்ட வாக்குதான் பிறகு நாட்டுக்கு வாக்களிக்க நம்மைப் பழக்கியது. 1956-இல் அந்த மன்றத்தின் எல்லா இடங்களும் மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களாயின. 1957 ஜனவரி 1-ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அப்போது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 235,000. உலகத்துப் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் சின்ன நகரந்தான். ஆனால் மலாயாக் கூட்டரசில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் அதுவே. அந்நகரின் முதல் மேயர் என்ற பெருமை ஓர் இந்தியருக்குக் கிடைத்தது. ஆசிரியராகவும் தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவராகவும் விளங்கிய டி. எஸ். இராமநாதன் அவர்களே அவர். இன்று அந்நகரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, இப்படிப்பட்ட மன்றம் கூடினால் என்ன நடக்கும்? பெரிய வீரவசனங்கள் எதுவும் இல்லை. முதலில் சென்ற கூட்டத்தின் குறிப்புகளைப் படித்து ஒப்புக்கொள்வார்கள். பிறகு நிதி, சுகாதாரம், பொதுப்பணி என்று பிரிந்துள்ள செயற்குழுக்களின் அறிக்கைகள் வரும். எந்தத் தெருவில் கால்வாய் வெட்டுவது, எந்தக் குத்தகைக்காரரிடம் வேலையை ஒப்படைப்பது, சந்தையில் எத்தனை கடைகளுக்கு இடம் தருவது, அங்காடி வியாபாரிக்கு உரிமம் கொடுப்பதா வேண்டாமா, கொசு ஒழிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பவைதான் பேச்சு. கேட்பவருக்குக் கொட்டாவி வரும். ஆனால் உரிமத்துக்குக் காத்திருக்கும் மீ கோரிங் வியாபாரிக்கு அந்த ஒரு வரித் தீர்மானம் அவர் குடும்பத்துச் சோறு. மழை வந்தால் வீட்டுக்குள் நீர் புகும் தெருவாருக்கு அந்தக் கால்வாய்த் தீர்மானம் இரவுத் தூக்கம்.

ஜார்ஜ் டவுன் மன்றம் இத்துடன் நிற்கவில்லை. நகரத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் அதுவே. 1904-இல் நகராண்மையின் மின்சார விநியோகம் தொடங்கியது. 1906-இல் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. 1925-இல் மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்கள் வந்தன. 1961 வரை அவை ஓடின. பிறகு சாதாரண பஸ்கள் அந்த இடத்தைப் பிடித்தன. நகரம் வளர்ந்து தண்ணீர் போதாமற் போனபோது ஆயர் ஈத்தாமில் அணை கட்டினார்கள். 1962-இல் அது கட்டி முடிந்தது. இன்றைக்கும் அந்த அணை நிற்கிறது. எங்கோ ஓர் அறையில் சிலர் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானந்தான் அங்கே அணையாக நிற்கிறது.

இதற்கெல்லாம் பணம்? அதுதான் மதிப்பீட்டு வரி. மலாயில் சுக்காய் பிந்து என்பார்கள். ஒரு வீட்டை மாதம் 200 வெள்ளிக்கு வாடகைக்கு விடலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,400 வெள்ளி. இதுவே அதன் ஆண்டு மதிப்பு. மன்றம் நூற்றுக்கு 10 என்று வரி விதித்தால் ஆண்டுக்கு 240 வெள்ளி. அரையாண்டுக்கு 120 வெள்ளி என்று இரண்டு தவணைகளில் கட்ட வேண்டும். மதிப்பு அதிகமென்று தோன்றினால், மதிப்பீட்டுப் பட்டியல் திருத்தப்படும் காலத்தில் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வரி கட்டுபவன் கேள்வி கேட்கலாம் என்பதே இதன் உட்பொருள்.

நேயர்களே, இனிக் கதையின் அடுத்த பகுதி. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட எதிர்ப்புப் போராட்ட காலத்தில், 1965 மார்ச்சில், அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் மீண்டும் நடத்துவதாக அன்றைய அரசாங்கம் சொன்னது. 1966-இல் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகள் மாநில முதலமைச்சரிடம் போயின. சில மன்றங்களின் நிர்வாகத்தில் முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டுகளும் எழுந்திருந்தன. ஆகவே ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965-இல் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் யார் தெரியுமா? நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் அவர்கள்தாம். அப்போது மேற்கு மலேசியாவில் சிறிதும் பெரிதுமாக முந்நூறுக்கு மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் இருந்தன. ஆணையம் 1968-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. சிதறிக் கிடக்கும் மன்றங்களைச் சீரமைக்க வேண்டும்; ஆனால் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

சீரமைப்பு நடந்தது. தேர்தல் திரும்பவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தல் விதிகளை அகற்றிவிட்டது. மன்றத் தலைவர் ஒருவர், அவருடன் 8-க்குக் குறையாமலும் 24-க்கு மேற்படாமலும் உறுப்பினர்கள். இவர்களை மாநில அரசே நியமிக்கும். ஜார்ஜ் டவுன் மன்றமும் பினாங்குத் தீவு நகராண்மைக் கழகத்துள் அடங்கியது. பின்னாளில் 2012-இல் பினாங்கு மாநிலம் தேர்தலை மீண்டும் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியது. அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லையென்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் பினாங்குத் தீவு முழுவதும் மாநகரமாயிற்று. உறுப்பினர்கள் நியமிக்கப்படுபவர்களாகவே இருந்தார்கள்.

தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்பதில் நாட்டில் இரண்டு கருத்துகள் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க நாம் வரவில்லை. நம் கேள்வி வேறு. இந்தச் சரித்திரத்தில் தோட்டத்து மக்கள் எங்கே இருந்தார்கள்?

1948-இல் அவசரகாலம் தொடங்கியது. காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த மக்களைப் புதுக்கிராமங்களில் கொண்டுவந்து வைத்தார்கள். 1952-ஆம் ஆண்டின் சட்டப்படி அப்படிப்பட்ட கிராமங்களில் ஊராட்சி மன்றங்கள் அமையத் தொடங்கின. தோட்டத்து லயங்களையும் ஒரே இடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். ஆனால் அந்த வேலிக்குள் தோட்ட நிர்வாகத்தின் ஆட்சியே தொடர்ந்தது. தோட்டம் தனியார் நிலம். வீடும் குழாயும் சாலையும் நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1966-இல் ஒரு சட்டம் வந்தது. போதிய குழாய்நீரும் மின்சாரமும் தர வேண்டும் என்று கூறும் சட்டம் 1990-இல் வந்தது. இவை நல்ல சட்டங்களே. ஆனால் இவை நம்மைத் தொழிலாளியாகப் பார்த்தன. ஊர்க்காரனாகப் பார்க்கவில்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில் கைதூக்கிப் பழகிய நாம், தெருவுக்காகக் கைதூக்கிப் பழகவில்லை. இதில் நம் குற்றம் ஒன்றுமில்லை. நமக்குச் சொந்தமாக ஒரு தெருவே இருந்ததில்லையே!

பிறகு என்ன நடந்தது என்பதை நம் குடும்பங்கள் அறியும். தோட்டங்கள் விற்கப்பட்டன. பால்மரங்கள் சாய்ந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. நம்மவர் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். அங்கே கிராணியார் இல்லை, துரை இல்லை. குப்பை எடுக்காவிட்டால் யாரிடம் சொல்வது? படிக்கட்டு விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது? தெரியாமல் பலர் பேசாமல் இருந்துவிட்டார்கள். இன்னும் சிலர், யாராவது பெரிய மனிதர் வந்து செய்து கொடுப்பார் என்று காத்திருந்தார்கள். அது பழைய தோட்டத்துப் பழக்கம்.

மன்றத்தில் நமக்கு வாக்கு இல்லையென்றாலும் வாயில்லாமற் போகவில்லை. மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நாம் போய் உட்கார்ந்து கேட்கலாம். அதே 1976-இல் வந்த நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. எந்த நிலம் விவசாயத்துக்கு, எந்த நிலம் வீடுகளுக்கு, எது தொழிற்சாலைக்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டத்தின் நகலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு தோட்டம் வீட்டு மனையாகப் போகிறதா, அங்கேயுள்ள பள்ளிக்கும் கோயிலுக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பது, புல்டோசர் வருவதற்குப் பல காலம் முன்பே அந்த வரைபடத்தில் தெரியக்கூடும். அந்த நாளில் போய்ப் பார்த்தவருக்கு ஆட்சேபம் எழுத வழியுண்டு. புல்டோசர் வந்த பிறகு அழுவதற்குத்தான் வழி.

ஆகவே நேயர்களே, வீட்டுக்கு வரும் வரிச் சீட்டைக் கட்டிவிட்டுக் கிழித்துப் போடாதீர்கள். அதில் மன்றத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தெருவில் குறையிருந்தால் நாலு வீட்டார் சேர்ந்து, நாள் போட்டு, கையெழுத்திட்டு எழுதுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

1951-இல் ஜார்ஜ் டவுனில் வரிசையில் நின்று வாக்களித்தவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்கள்தாம். தங்கள் தெருவைப் பற்றிப் பேசத் தங்களுக்கு உரிமை உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நாமும் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.