சிறுவிலங்கு வேட்டையும் பாலின வகைப்பாடும்: பெரும்பாணாற்றுப்படையும் வடதமிழக இருளர் வாழ்வும்

முன்னுரை

வேட்டை ஆணுக்கும் உணவு சேகரிப்பு பெண்ணுக்கும் உரியவை என்னும் பகுப்பு மானிடவியலில் நெடுங்காலம் நிலவியது. பெருவிலங்கு வேட்டையை மட்டும் நோக்கும்போது இப்பகுப்புக்குச் சான்றுகள் மிகுதி. முயல், உடும்பு, எலி போன்ற சிற்றுயிர்களை நோக்கும்போது அது தளர்கிறது. சிறுவிலங்கு வேட்டையில் பெண்ணின் பங்கு மறைந்ததற்கு, எச்செயலை வேட்டை என்று அழைப்பது என்னும் வகைப்பாடே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வகைப்பாட்டின் சிக்கல்

ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 1967இல் நூலாக வெளியிட்ட ‘எத்னோகிராஃபிக் அட்லஸ்’ பல நூறு சமூகங்களின் வாழ்வியலைக் குறியீடுகளாகத் தொகுத்தது. அதில் காட்டுத் தாவரங்களோடு நிலவாழ் சிற்றுயிர்களைத் திரட்டுவதும் ‘சேகரிப்பு’ என்னும் பிரிவில் அடங்கியது. இத்தரவின்படி, வளையைத் தோண்டி எலியைக் கொல்லும் பெண் சேகரிப்பவளாகவே கணக்கிடப்படுவாள். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வாழும் மார்ட்டு மக்களிடம் மணல் உடும்பு வேட்டை பெரிதும் பெண்களின் தொழில். அவர்கள் புல்வெளிக்குத் தீயிட்டு, தடம் பார்த்து, வளையைக் கண்டறிந்து தோண்டுகின்றனர். தேடுதல், தடமறிதல், கொல்லுதல் ஆகிய வேட்டையின் கூறுகள் அனைத்தும் இதில் உள்ளன.

சங்க இலக்கியச் சான்றுகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பை விரிவாகக் காட்டுகிறது. ஆடவர் இரவில் குழிகளில் ஒளிந்திருந்து பன்றியின் வரவை எதிர்நோக்குகின்றனர். ‘வேட்டம்’ என்னும் சொல் இச்செயலுக்கே ஆளப்படுகிறது. அது கைகூடாதபோது, பகலில் நாய்களுடன் சென்று வலை கட்டி முயல்களை வளைத்துப் பிடிக்கின்றனர். எனவே முயல் வேட்டை, பெருவேட்டை பொய்த்த நாளின் ஈடாக அமைகிறது.

எயிற்றியர் இரும்புமுனை பூட்டிய கனத்த கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகின்றனர். ஈன்றவள் ஒருத்தி குழந்தையுடன் மான்தோலில் படுத்திருக்க, மற்றப் பெண்கள் வெளியே செல்கின்றனர். மகப்பேறு பெண்களை வேட்டையிலிருந்து விலக்கியது என்னும் பொது விளக்கத்தை இக்காட்சி மட்டுப்படுத்துகிறது. மகப்பேறு இங்கு ஈன்றவளை மட்டுமே நிறுத்துகிறது. பெண்கள் அனைவரையும் அன்று.

அதே நூலில் விருந்தினர்க்குச் சோற்றுடன் உடும்பின் பொரியல் கிடைக்கிறது. உடும்பு வளைவாழ் உயிர். அதனைப் பிடித்தவர் ஆணா பெண்ணா என்று பாடல் கூறவில்லை. நாய் தந்தது என்றே குறிக்கிறது. எயிற்றியர் உடும்பு தோண்டினர் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் நிலத்தைத் தோண்டும் கருவியும் திறனும் பெண்களிடம் இருந்தன என்பது உறுதி.

புறநானூற்றின் 324ஆம் பாடலில் வேட்டுவச் சிறார் முள்ளை முனையாகச் செருகிய அம்புடன் பருத்தி வேலியில் எலியை எதிர்நோக்குகின்றனர். இரை எலியே ஆயினும், கையில் வில் இருப்பதால் அது வேட்டைப் பயிற்சியாகத் தோன்றுகிறது. இரையின் அளவைக் காட்டிலும் கருவியே ஒரு செயலுக்கு வேட்டை என்னும் தோற்றத்தைத் தருகிறது எனலாம்.

இருளர் வாழ்வும் சட்டமும்

பெரும்பாணாற்றுப்படை பாடும் தொண்டை நாட்டுப் பகுதியில், இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இருளர் வாழ்கின்றனர். இவர்களை எயினரின் வழித்தோன்றல் எனக் கொள்வதற்கில்லை. ஒப்புமை தொழில்முறை பற்றியதே. எலி பிடிக்கும்போது வளையின் வாய்களை அடைத்தல், பானையில் வைக்கோல் புகையிட்டு ஊதுதல், தோண்டுதல், எலி சேர்த்த நெல்லை எடுத்துப் புடைத்தல் ஆகியவற்றைக் குடும்பமாகப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரே வளையிலிருந்து இறைச்சியும் தானியமும் கிடைப்பதால், வேட்டை, சேகரிப்பு என இதனைப் பிரிக்க இயலாது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறிவைத்தல், பிடித்தல் ஆகியவற்றையும் வேட்டை என வரையறுத்தது. எலியோ 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை தீங்குயிர்களுக்குரிய ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. உடும்பு முதல் அட்டவணைப் பாதுகாப்பைப் பெற்றது. ஆகவே ஒரே கடப்பாரையால் எலி வளையைத் தோண்டுவது சட்டப்படி வேட்டையாகாது. உடும்பு வளையைத் தோண்டுவது குற்றமாகும். தோண்டும் தொழிலுக்கு வேட்டை என்னும் பெயர் குற்றத்தின் பெயராகவே வந்து சேர்ந்தது.

பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்ட பின், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நஞ்சு எடுத்தபின் பாம்புகளைக் காட்டில் விடும் இச்சங்கத்தில் பெண்களும் உறுப்பினர்கள். 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கு வழங்கப்பட்ட பத்மஸ்ரீ விருது, இருளரின் அறிவுக்குக் கிடைத்த தகுதியான ஏற்பு. எனினும் பாம்பு பிடிப்போர் என்றவுடன் பொதுவெளி காணும் முகம் ஆணினுடையதாகவே நீடிக்கிறது.

முடிவுரை

இலக்கியம், இனவரைவியல், சட்டம் ஆகிய மூன்றும் வேட்டையின் எல்லையை வெவ்வேறு இடங்களில் வரைந்துள்ளன. ‘வேட்டையாடினரா’ என்னும் வினாவுக்கு மாறாக, தடம் அறிந்தவர் யார், வளையைத் திறந்தவர் யார், இரையைக் கொன்றவர் யார், பங்கிட்டவர் யார் எனச் செயல்வாரியாகச் சான்றுகளைப் பதிவதே பொருத்தமான ஆய்வுமுறை. இருளர் மூத்த பெண்களின் தொழிலறிவை வாய்மொழி வரலாறாகத் தொகுக்கும் களப்பணிக்கு இம்முறை உடனடியாகத் தேவைப்படுகிறது. எலி பிடித்தலைச் சார்ந்த வாழ்வு சுருங்கிவரும் நிலையில், அவ்வறிவு அவர்களோடே மறைந்துவிடக்கூடும்.