மகன் உண்டா? பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தை முன்வைத்து முதியோர் ஆதரவின் கோப்பு வரலாறு

இந்தியாவில் முதுமை, மறதிநோய் பற்றி எழுதுகிறவர்கள் மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹனைத் தொடாமல் நகர்வதில்லை. காசியில் 1980களில் களப்பணி செய்து 1998இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலின் வாதம் தெரிந்ததே. கிழவி ஒருத்தி வாய்க்கு வந்ததைப் பேசினால், தெருவார் அதை மூளைக் கோளாறாகக் கேட்பதில்லை. மகனும் மருமகளும் சரியாகக் கவனிக்காததன் அடையாளமாகவே கேட்கிறார்கள். கூட்டுக்குடும்பம் சிதைந்தது என்ற புலம்பலுக்கு முதுமையியலாளர்கள் ஆய்வுச் சாயம் பூசினார்கள். ‘கெட்ட குடும்பம்’ என்ற பாத்திரம் அதில் உருக்கொண்டது என்கிறார் கோஹன்.

காசிக்கு இது பொருந்தலாம். தமிழகத்துக்கும் அப்படியே பொருத்துவதை நான் ஏற்கவில்லை. அண்டைவீட்டாரின் காதையும் ஆய்வாளரின் பேனாவையும் கவனித்த அளவுக்கு அவர் வருவாய்த்துறைக் கோப்பைக் கவனிக்கவில்லை. இங்கே முதியவரின் குடும்பத்தை எடைபோட்டு எழுதிவைத்தவர்கள் முதலில் கர்ணமும் மணியக்காரரும். 1980க்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.).

சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் தொடங்கியது. பாப்பிரெட்டிப்பட்டி அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அது இன்று அடங்கும் தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபரில். உதவி யாருக்கு? ஆதரவற்றவருக்கு. ஆகவே விசாரணையின் முதற்கேள்வி உடல்நிலை பற்றியதாக இருந்திருக்க முடியாது, ‘மகன் உண்டா?’ என்பதாகவே இருந்திருக்கும். இக்கேள்வி எந்த ஆண்டு விதியாக இறுகியது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் 1995 ஆகஸ்ட் 15இல் வந்த மத்திய அரசுத் திட்டம் அதை வெளிப்படையாகவே எழுதியது: 65 வயதானவராக, சொந்த வருமானமோ குடும்பத்தாரின் பண உதவியோ இல்லாதவராக இருக்க வேண்டும். அதற்கு மாதம் 75 ரூபாய். பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போன மகனை இந்தக் கேள்வியில் எந்தப் பக்கம் சேர்ப்பது? இருக்கிறான் என்றால் பணம் கிடைக்காது. இல்லை என்றால் பொய். பெற்ற பிள்ளையைக் கோப்பில் ‘ஆதரிக்காதவன்’ ஆக்கும் வேலையை முதியவரே செய்ய வேண்டியிருந்தது. கெட்ட குடும்பம் இங்கே உருவானதில் இந்த விண்ணப்பத்துக்குப் பங்குண்டு என்பது என் துணிபு. ஊகத்தின் பங்கு இதில் அதிகம்தான். ஆனாலும் காசித் தெருவின் வம்புப் பேச்சைவிட இது வலுவான காரணம்.

2007இன் கடைசி வாரங்கள் இதில் முக்கியமானவை. நவம்பர் 19இல் மத்திய உதவித்தொகை இந்திரா காந்தி பெயரில் மாற்றி அமைக்கப்பட்டபோது, ஆதரவின்மை என்ற தகுதி போய் வறுமைக்கோடு வந்தது. டிசம்பர் 29இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். உதவித்தொகைத் தாளை விட்டு வெளியேறிய மகன் நாற்பதே நாளில், இச்சட்டம் வகுத்த தீர்ப்பாயத்தின் எதிர்மனுதாரராக, மீண்டும் தாளில் வந்து நின்றான். (பெற்றோருக்கு ஜீவனாம்சம் என்பது 1956, 1973 சட்டங்களிலேயே இருந்தது, அதற்கு நீதிமன்றம் ஏற வேண்டும்.) புதிய தீர்ப்பாயமும் வருவாய்த்துறையின் கையில்தான் இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் அரூர் கோட்டாட்சியரிடம் போக வேண்டும்.

கோஹன் முன்கூட்டியே கண்டதைத்தான் சட்டம் செய்தது என்று அவர் தரப்பில் சொல்லலாம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறதே பிரிவு 24! ஆனால் பிரிவு 5ஐ நிறுத்திப் படிக்க வேண்டும். மனுவை முதியவரே தரலாம். அவர் இயலாதவர் என்றால், அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட வேறொருவரோ அமைப்போ தரலாம். எழுந்து நடக்க முடியாதவருக்கு இது போதும். மகளின் பெயரே மறந்துபோன தாய் யாருக்கு, எப்படி அதிகாரம் அளிப்பாள்? பிரிவு 18இலும் இதே சிக்கல்: முதியவர் விரும்பினால்தான் பராமரிப்பு அலுவலர் அவருக்காக ஆஜராகலாம். கோஹனின் காசியில் பிதற்றல் குடும்பத்தின் மீதான குற்றச்சாட்டாகக் கேட்கப்பட்டது. சட்டமோ தெளிவாகப் பேசத் தெரிந்த முதியவரை மட்டுமே மனத்தில் கொண்டது. பிதற்றலுக்கு அங்கே காது இல்லை. இந்த வேறுபாட்டை அவருடைய சட்டகம் விளக்காது.

இது எங்கோ ஓரிருவர் பாடு என்று தள்ளிவிட முடியாது. 2023இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி அறுபது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் உண்டு. நகரத்தைவிட நாட்டுப்புறத்தில் கூடுதல், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய்க்கு வரையறை தரும்போதே நினைவாற்றலைச் சேர்த்தது. நோயாளி யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர், பராமரிப்பவர் என்று வரிசையும் வகுத்தது. ஆனால் அது சிகிச்சைக்கான ஏற்பாடு. சோற்றுக்கும் நிலத்துக்கும் 2007 சட்டமே கதி.

எஞ்சும் வழி ஒன்றுதான்: தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிக்கலாம் என்கிறது பிரிவு 5இன் மூன்றாம் கூறு. ஆனால் கோட்டாட்சியர் காதுக்குச் செய்தி யார் மூலம் போகும்? மீண்டும் வி.ஏ.ஓ.தான். தமிழ்நாட்டு விதிகள் வந்த 2009 முதல் இவ்வட்டத்தில் அப்படித் தொடங்கிய வழக்குகளின் ஆணைகளை ஒவ்வொன்றாகப் படித்தால்தான், ‘மகன் உண்டா?’ என்று கேட்டுவந்த அலுவலர் ‘நினைவு உண்டா?’ என்றும் கேட்கத் தொடங்கினாரா என்பதைத் தீர்மானிக்க முடியும்.