ஊர் ஊராகப் போகும் ஓவியக் கண்காட்சி: பிள்ளைகள் வரைந்த படத்தைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது என்ன?

'உங்க பிள்ளை வரைந்த ஓவியம் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கு. நாளைக்குள் ஒரிஜினலைக் கொடுத்து அனுப்புங்க.' பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால் எந்த வீட்டிலும் சந்தோஷம்தான். உடனே ஸ்டேட்டஸ் போட்டு, தாத்தா பாட்டிக்கு போன் செய்து, மறுநாள் காலையிலேயே படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு பையில் வைத்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் படம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும், திரும்பி வருமா என்று கேட்பவர்கள் குறைவு.

ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தைச் சுற்றி மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என எல்லா வகையும் உண்டு. பள்ளி எதுவானாலும் ஓவியத்தை வெளியே அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை ஒன்றுதான். முழு விவரம் இதோ.

பயணக் கண்காட்சி என்றால் என்ன?

சாதாரண ஓவியப் போட்டியில் பிள்ளைகள் ஒரு இடத்துக்குப் போய் வரைவார்கள். மாலையில் ரிசல்ட் தெரிந்துவிடும். பயணக் கண்காட்சியில் பிள்ளை வீட்டில் இருக்கும், படம் ஊர் ஊராகப் போகும். ஒரு பள்ளியில் சில நாள், அடுத்த ஊர் நூலகத்தில் சில நாள், அப்புறம் வேறு மாவட்டம் அல்லது வேறு நாடு என்று மாதக்கணக்கில் சுற்றும். ஒவ்வொரு இடத்திலும் மாட்டுவார்கள், கழற்றுவார்கள், மறுபடி பேக் செய்வார்கள். அதனால் படம் கெட்டுப்போகவும் தொலைந்துபோகவும் வாய்ப்பு அதிகம்.

என்னென்ன வாய்ப்புகள் இருக்கு?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது பள்ளிக் கல்வித் துறையின் 'கலைத் திருவிழா'. 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக மேலே போகும். ஓவியமும் களிமண் சிற்பமும் இதில் உண்டு. மாநில அளவில் 'கலையரசன்', 'கலையரசி' பட்டங்கள் தரப்படுகின்றன. இங்கே பயணம் செய்வது பெரும்பாலும் பிள்ளைதான், படம் இல்லை. பெயர் கொடுக்க வகுப்பு ஆசிரியரைக் கேட்டால் போதும்.

9 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'கலா உத்சவ்' இருக்கிறது. 2015இல் தொடங்கியது. காட்சிக் கலைப் பிரிவில் ஓவியம், சிற்பம் இரண்டும் உண்டு. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களிலும் ஓவியம் கற்றுத் தருகிறார்கள்.

படத்தை மட்டும் அனுப்பும் முறைக்கு இந்தியாவில் பழைய உதாரணம் 'சங்கர்ஸ்' சர்வதேசக் குழந்தைகள் போட்டி. கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1949இல் தன்னுடைய 'சங்கர்ஸ் வீக்லி' மூலம் தொடங்கினார். அடுத்த ஆண்டே வெளிநாட்டுக் குழந்தைகளும் கலந்துகொண்டார்கள். உலகத்தின் மூலை முடுக்கில் இருந்தெல்லாம் தபாலில் டெல்லிக்குப் படங்கள் வந்தன. பள்ளி ஓவியம் தபாலில் பயணம் போவது நமக்குப் புதுசு இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

போன படம் திரும்பி வருமா?

வரலாம், வராமலும் போகலாம். இதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கு.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 'கேரோலப்' என்ற குடியிருப்பில், குடும்பங்களிடமிருந்து பிரித்து எடுக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகள் வைக்கப்பட்டிருந்தார்கள். 1940களின் பிற்பாதியில் அங்கே வந்த நோயல் ஒயிட் என்ற ஆசிரியர் அவர்களை வரையச் சொல்லி ஊக்கப்படுத்தினார். சுற்றியிருந்த காட்டையும் மரங்களையும் அவர்கள் வரைந்த விதம் பார்த்தவர்களை அசத்தியது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் ரட்டர் என்ற பெண்மணி அந்தப் படங்களை வாங்கி வெளிநாடுகளில் கண்காட்சி வைத்தார். பாராட்டும் கிடைத்தது. ஆனால் படங்கள் ஊர் திரும்பவில்லை. 1950களில் ஒரு தொகுப்பு அமெரிக்கச் சேகரிப்பாளர் கைக்குப் போய், அங்கிருந்து நியூயார்க் மாநிலத்தின் கோல்கேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பிறகு அதைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியவில்லை. 2004இல்தான் அவை என்ன படங்கள் என்று அடையாளம் காணப்பட்டது. 2013இல் 100க்கும் மேற்பட்ட படங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. வரைந்த கைகளில் பல அதற்குள் மறைந்துவிட்டன.

அந்தக் குழந்தைகளின் நிலைமை வேறு, நம்ம வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை வேறு. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: படம் கை மாறும்போது 'எப்போ, யார், எப்படித் திருப்பித் தருவீங்க' என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பல போட்டிகளின் விதிமுறையிலேயே 'படங்கள் திருப்பி அனுப்பப்பட மாட்டாது' என்று இருக்கும். அது தப்பு இல்லை. தெரிந்து கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும் ஒன்றில்லை, அவ்வளவுதான்.

படம் யாருக்குச் சொந்தம்?

இதில்தான் நிறைய பேருக்குக் குழப்பம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டப்படி, ஒரு ஓவியம் அழகாக இருக்கிறதா, இல்லையா என்பது கணக்கே இல்லை. யூகேஜி குழந்தை கிறுக்கியதும் கலைப் படைப்புதான். வரைந்தவரே அதன் முதல் உரிமையாளர். பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. வரைந்தவரின் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் இந்த உரிமை நீடிக்கும்.

காகிதம் ஒன்று, காப்பிரைட் இன்னொன்று. காகிதத்தைக் கொடுத்துவிட்டாலே காலண்டரில் அச்சடிக்கும் உரிமையும் போய்விடாது. அந்த உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். 18 வயது ஆகாதவர்கள் ஒப்பந்தம் போட முடியாது என்பதால் பெற்றோரிடம் கையெழுத்து கேட்பார்கள். 'எல்லா உரிமைகளும் அமைப்பாளருக்கே' என்ற வரி பெரும்பாலும் அந்தப் படிவத்தில்தான் சின்ன எழுத்தில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டப்படி 5 ஆண்டுகள் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இரண்டு விஷயம் வரைந்தவரிடமே இருக்கும். 'இதை வரைந்தது நான்' என்று சொல்லும் உரிமை ஒன்று. தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைத்தால் தட்டிக் கேட்கும் உரிமை இன்னொன்று. சிற்பி அமர்நாத் சேகல் வழக்கு இதற்குப் பிரபலமான உதாரணம். டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பெரிய சுவர்ச் சிற்பம் கழற்றப்பட்டுச் சேதமானது. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அதே சமயம், 'என் படத்தை மாட்டவே இல்லை' என்பதை இந்தப் பிரிவில் குற்றமாகச் சொல்ல முடியாது. அதையும் சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

பின்பக்கத்தில் என்ன எழுதணும்?

முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்பக்கம் காலியாக இருந்தால் அது அநாதைப் படம். இரண்டாம் உலகப் போரின்போது தெரெசின் முகாமில் அடைக்கப்பட்ட யூதக் குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவியம் சொல்லிக் கொடுத்தவர் ஃப்ரீடில் டிக்கர் பிராண்டைஸ். படத்தில் பெயரை எழுதச் சொல்வது அவர் வழக்கம். 1944இல் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய சுமார் 4,500 படங்கள் தப்பித்தன. குழந்தைகளில் பெரும்பாலானோர் உயிர் பிழைக்கவில்லை. இன்று அந்தப் படங்கள் பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்தக் குழந்தை எதை வரைந்தது என்று சொல்ல முடிவதற்கு அந்தப் பெயர்களே காரணம்.

பின்பக்கத்தில் இருக்க வேண்டியவை:

• மாணவர் பெயர், வயது, வகுப்பு
• பள்ளியின் பெயர், முகவரி, பின்கோடு
• படத்தின் தலைப்பு, வரைந்த தேதி
• எதில் வரைந்தது (வாட்டர் கலர், கிரேயான், பென்சில்)
• நீளம், அகலம்
• மேல் பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி

வீட்டு முகவரியும் அம்மா அப்பாவின் போன் நம்பரும் படத்தில் வேண்டாம். ஊர் ஊராகப் போகும் படத்தை யார் யாரோ கையில் எடுப்பார்கள். பள்ளி முகவரி போதும். மற்ற விவரங்கள் படிவத்தில் இருக்கட்டும். பேனாவில் அழுத்தி எழுதினால் மை முன்பக்கம் தெரியும். பென்சிலில் மெதுவாக எழுதுவதே நல்லது.

எந்தப் பேப்பர், எந்தக் கலர்?

அறிவிப்பில் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. ஏ4 என்றால் 21 × 29.7 செ.மீ., ஏ3 என்றால் 29.7 × 42 செ.மீ. நோட்டுப் பேப்பர் இரண்டு ஊர் தாங்காது, கெட்டியான டிராயிங் பேப்பர் எடுங்கள். வாட்டர் கலர் என்றால் 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் இருந்தால் பேப்பர் அவ்வளவாகச் சுருங்காது.

ஸ்கெட்ச் பேனா கலர் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். பல மாதம் மாட்டப்படும் படத்துக்கு அது சரிவராது. ஆயில் பேஸ்டல் பளிச்சென்று இருக்கும், ஆனால் பட்ட இடமெல்லாம் ஒட்டும். மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் தப்பிக்கலாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் கிரேயான் உருகும், ஒட்டினால் திரும்பப் பிரிக்கவும் முடியாது.

பேக்கிங் எப்படி?

மடிக்காதீர்கள். மடிப்புக் கோடு போகவே போகாது. படத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைப்பது சிறந்தது. பிளாஸ்டிக் உறையை வெளிப்பக்கம் போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழை என்பதால் இது முக்கியம். ஆனால் ஈரம் முழுசாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். செலோ டேப் படத்தின் மேல் படக்கூடாது.

கொடுக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். நிழலான பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மொபைலை நேராகப் பிடித்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. படம் திரும்பி வராவிட்டாலும் இது கையில் இருக்கும். நாளைக்குக் கவின் கலைக் கல்லூரியில் சேர நினைத்தால், சின்ன வயதுப் படங்களை எடுத்துக் காட்டவும் உதவும்.

எதனால் நிராகரிக்கிறார்கள்?

யூடியூப் பார்த்து அப்படியே வரைந்தது, கார்ட்டூன் கதாபாத்திரங்களை காப்பி அடித்தது, பெரியவர்கள் 'டச்சப்' செய்தது. இந்த மூன்றும் நடுவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கார்ட்டூன் கதாபாத்திரத்துக்கு வேறொருவர் காப்பிரைட் வைத்திருப்பதால் அமைப்பாளரால் அதை அச்சடிக்கவும் முடியாது. நந்தனத்துப் பிள்ளை பனிமலையும் பைன் மரமும் வரைவதைவிட மெட்ரோ ஸ்டேஷன் வாசலையோ, அண்ணா சாலை சிக்னலில் நிற்கும் பஸ்ஸையோ வரைந்தால் அது அந்தப் பிள்ளையால் மட்டுமே வரைய முடிந்த படமாக இருக்கும்.

காசு கேட்டால்?

நுழைவுக் கட்டணம் வாங்கும் எல்லோரும் மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் அனுப்பிய எல்லோருமே 'செலக்டட்', சர்டிபிகேட்டுக்குத் தனிக் காசு, டிராபிக்குத் தனிக் காசு, இன்றைக்குள் கட்டணும் என்று அவசரம் என்றால் உஷாராக வேண்டும். பள்ளி வழியாக விசாரித்த பிறகே பணம் அனுப்புங்கள். ஆன்லைனில் ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கலாம்.

பிள்ளையின் போட்டோ, பிறந்த தேதி கேட்டாலும் எதற்கு என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் டிஜிட்டல் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

கொடுக்கும் முன் 7 கேள்விகள்

1. ஒரிஜினல் வேண்டுமா, ஸ்கேன் போதுமா?
2. எந்தெந்த ஊர், எந்தத் தேதி வரை?
3. படம் திரும்பி வருமா? வரும் என்றால் செலவு யாருடையது?
4. கிழிந்தாலோ தொலைந்தாலோ பொறுப்பு யார்?
5. அச்சடிப்பது, விற்பது உண்டா? வரும் பணம் யாருக்கு?
6. படத்தின் கீழே பிள்ளையின் பெயர் இருக்குமா?
7. படத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தருவீர்களா?

இதைப் பெற்றோர் தனித்தனியாகக் கேட்பதைவிடப் பள்ளி மூலமாக ஒரே கடிதமாகக் கேட்டால் பதில் சுலபமாகக் கிடைக்கும். முக்கியமான எட்டாவது கேள்வி ஒன்று உண்டு. அதை அமைப்பாளரிடம் கேட்கத் தேவையில்லை, வரைந்த பிள்ளையிடம் கேட்க வேண்டும்: 'இந்தப் படத்தை அனுப்பட்டுமா? ஒருவேளை திரும்பி வராது, பரவாயில்லையா?' வேண்டாம் என்று சொன்னால் அந்தப் படம் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும். அனுப்புவதற்கு இன்னொரு படம் வரைந்துகொள்ளலாம்.