'பதற்ற மரபணு' பிறந்த கதை

சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிற பிள்ளையைப் பார்த்தால், "அப்படியே அப்பன் சுபாவம்" என்பார்கள் வீட்டில். அந்தப் பேச்சுக்கு அறிவியல் ஒரு முகவரி எழுதிக் கொடுத்த ஆண்டு 1996.

எழுதியவர் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகர மனநல மருத்துவர் கிளவுஸ் பீட்டர் லெஷ். நரம்பணுக்களுக்கு நடுவே வேலை முடித்த செரோடோனினைத் திரும்ப உள்ளே அள்ளிப் போடும் புரதம் ஒன்று உண்டு. புரோசாக் போன்ற மாத்திரைகள் மறிப்பது அதைத்தான். மருந்து பிடிக்கும் இடத்தில்தான் சுபாவத்தின் வேரும் இருக்குமோ என்று தேடினார்கள். 17ஆம் குரோமோசோமில், அந்தப் புரதம் எவ்வளவு தயாராக வேண்டும் என்பதில் கைவைக்கும் துண்டு ஒன்று, சிலரிடம் 44 டி.என்.ஏ. எழுத்துகள் குட்டையாக இருந்தது. லெஷும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 505 பேரைச் சோதித்தார்கள். கேள்வித்தாளில் குட்டை வடிவக்காரர்களிடம் பதற்றம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆளுக்கு ஆள் பதற்றம் வேறுபடுவதில் இதன் பங்கு 3 முதல் 4 சதவீதம்தான். இந்த எண்ணை லெஷ் குழுவின் கட்டுரையே சொன்னது. ஊர் பிடித்துக்கொண்டதோ 'பதற்ற மரபணு' என்ற பெயரை.

2002இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் அகமது ஹரிரியின் குழு 28 பேரை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்தது. திரையில் மேலே கோபமோ பயமோ காட்டும் ஒரு முகம், கீழே இரண்டு முகங்கள். மேலே உள்ளதோடு சேர்வது எது என்று பொத்தானை அழுத்த வேண்டும். ஆபத்தை மோப்பம் பிடிக்கும், பாதாம் பருப்பு வடிவப் பகுதியான அமிக்டலா, குட்டை வடிவக்காரர்களிடம் கூடுதலாகத் துடித்தது. மரபணு, மூளை, சுபாவம் மூன்றும் ஒரே நூலில் கோத்தது போல ஆயிற்று.

அந்த நூல் பெரிய எண்ணிக்கையில்தான் அறுந்தது. 2019இல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர், பதற்றத்தின் பங்காளியான மனச்சோர்வுக்குக் காரணமென்று பேர்பெற்ற 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவில் உரசிப் பார்த்தார்கள். லெஷ் சோதித்த செரோடோனின் புரத மரபணுவும் அவற்றில் ஒன்று. கண்ணை மூடிப் பொறுக்கிய மரபணுக்களைவிட அவை ஒன்றும் உசத்தியாகத் தெரியவில்லை.

பயந்த சுபாவம் வம்சத்தில் வருவது மெய்தான்; துளித்துளியாய்ப் பங்களிக்கும் பல மரபணுக்களும், வளர்ந்த சூழலும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. இனி யாராவது ஒற்றை மரபணுவைக் காட்டி உங்கள் குணத்தைச் சொன்னால், எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.